பங்குனியில் சாவில்லாத ஊர்

எங்க ஊருல பங்குனி மாசத்துல ஆருமே சாவறதில்லீங்க தம்பி. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். எங்கப்பன் காலத்துல ஒருக்காச் சாவு உழுந்துச்சு, அதோட செரி. நான் கோயில் நோம்பிப் பொறுப்ப எடுத்ததுக்கப்பறம் ஒண்ணுகூட இல்ல. சுத்துப்பட்டுல ஆர வேணாலும் கேட்டுப் பாருங்க. பூளக்காட்டுவலசு மாரியாத்தா நோம்பி பாதியில நின்னுச்சுன்னு ஒருத்தன் சொல்லட்டும், நான் மீசைய எடுத்துக்கறேன்.

செத்த இப்படி நகந்து உக்காருங்க. அரச்சலூரு தாண்டற வரைக்கும் வெய்யலு அந்தப் பக்கந்தான் அடிக்கும். நீங்க ஈரோடு வரைக்குமுங்களா? நாங்களும் ஈரோடுதான். நாங்கன்னா, அந்தா முன்னால பொம்பளைங்க சீட்டுல பச்சைச் சீலை கட்டிக்கிட்டு, கம்பியில தலையச் சாச்சு உக்கோந்திருக்கறா பாருங்க, அவ எம்பட ஊட்டுக்காரி. பாவாயி. மேலுக்குச் சொகமில்ல. வவுத்துல கட்டி. கோயமுத்தூருல பெரிய ஆசுபத்திரியில காட்டுனோம். தொறந்து பாத்துட்டு அப்படியே தெச்சு உட்டுட்டாங்க. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயி வாயிக்கு வேணுங்கறதச் செஞ்சு குடுங்கன்னுட்டாங்க. அதான், ஈரோட்டுல மக கோகிலா ஊட்டுல கொண்டுபோயி உட்டுட்டு வரலாம்னு போறேன். இன்னிக்குப் பொழுதோட எங்க ஊருல நோம்பி சாட்டறாங்க, அதுக்குள்ள நான் திரும்பிரோணும்.

ஊட்டுல வெச்சுப் பாக்கச் சொன்னாங்க, அப்பறம் எதுக்கு மக ஊடுன்னு யோசிக்கறீங்க. எனக்குத் தெரியுது. மூஞ்சியப் பாத்தாலே தெரியுமுங்க எனக்கு. சொல்றேன் இருங்க.

எங்க நோம்பிக்கு ஒரு கட்டுப்பாடு இருக்குதுங்க. பூசாரி தப்பட்டைய அடிக்கச் சொல்லி, அம்மன் பேரச் சொல்லி, இன்னையிலிருந்து நோம்பின்னு ஊரறியச் சொல்றதுக்குப் பேருதான் சாட்டறது. அன்னிக்கிருந்து ஊருக்குள்ள எண்ணெச் சட்டி வெக்கப்படாது, மொளகா வறுக்கப்படாது, வெளியூருல போயி ராத் தங்கப்படாது. அப்பறம் கம்பம் நடுவாங்க. மூணு கவையா இருக்கற வேப்பமரத்த வெட்டியாந்து கோயிலுக்கு முன்னால நட்டா, அதுதான் அம்மனுக்குப் புருசன். பொம்பளைங்க காத்தால தண்ணி ஊத்துவாங்க, ஆம்பளைங்க பொழுதோட அதச் சுத்தி ஆடுவாங்க. கடைசியில அதப் புடுங்கிக் கெணத்துல உடுவோம். அது வரைக்கும் ஊரு எல்லைக்குள்ள ஒரு சாவு உழுகப்படாது. உழுந்துதுன்னா அந்த வருச நோம்பி அதோட நின்னுச்சு. பந்தலப் பிரிச்சுப் போட்டுட்டு அவனவன் ஊட்டப் பாத்துப் போக வேண்டியதுதான்.

எங்கப்பன் காலத்துல அப்படித்தான் நின்னுச்சு. அந்த வருசம் மழையில்ல. மாட்டுக்கெல்லாம் கோமாரி. ஊரே எங்கப்பனத்தான் திட்டுச்சு, என்னமோ அவருதான் போயிக் கழுத்தப் புடிச்சுக் கொன்னாப்புல. சாகற வரைக்கும் அந்தாளு கோயில் வாசல்ல தலை நிமுந்து நின்னதில்லீங்க. அதப் பாத்து வளந்தவன் நான். என் கைக்கு நோம்பி வந்தப்பவே முடிவு பண்ணிட்டேன், எம்பட காலத்துல இது நிக்கப்படாதுன்னு.

அதுக்கு என்ன பண்ணுனேன்னா, அம்மன் என்ன சொல்றா? எல்லைக்குள்ள சாவு உழுகப்படாதுங்கறா. எல்லைக்கு வெளிய உழுந்தா அவளுக்கென்ன, நமக்கென்ன? இவ்வளவுதானுங்க விசயம். இது எங்கப்பனுக்குத் தோணல.

மாசி கடைசியில நான் ஊட்டுக்கு ஊடு ஒரு சுத்து வருவேன். ஆரு படுத்திருக்கறாங்க, ஆருக்கு மூச்சு வாங்குது, ஆருக்குக் காலு வீங்கியிருக்குதுன்னு பாத்துக்குவேன். டாக்டரெல்லாம் வேண்டியதில்ல. மூக்கு நுனி கூராயிருச்சுன்னா, காது மடலு தொங்கிருச்சுன்னா எனக்கே தெரிஞ்சுரும். அந்த ஆளுங்கள சாட்டுக்கு மிந்தி எல்லை தாண்டித் தாட்டி உட்டுரோணும். சொந்தம் ஒறம்பரை இருக்கறவங்க ஒறம்பரை ஊட்டுக்குப் போயிருவாங்க. ஆருமில்லாதவங்களுக்கு வாய்க்காலுக்கு அக்கட்ட எங்க பழைய கோழிப்பண்ணை இருக்குது. கோழிக்குச் சீக்கு வந்து மூடுனதுலருந்து சும்மா கெடந்துச்சு. கழுவி, சுண்ணாம்பு அடிச்சு, கட்டல் போட்டு, ஃபேன் மாட்டி உட்டிருக்கறேன். மாரப்பன்னு ஒரு ஆளு, முன்ன பண்ணையில வேலை செஞ்சவன், அவன்தான் கூட இருந்து பாத்துக்குவான். மேல சிமெண்டு அட்டை, கொஞ்சம் வெக்கைதான். பங்குனி வெய்யலுக்கு எந்த ஊட்டுலதான் வெக்கையில்ல?

ஆனா சனத்துக்கு நன்றியே கெடையாதுங்க. நான் தெருவுல திரும்பறேன்னு தெரிஞ்சாப் போதும். படுத்த படுக்கையா கெடக்கற கெழவன எழுப்பி நாற்காலியில உக்கார வெச்சுருவாங்க. தலைக்கு எண்ணெ வெச்சு வழிச்சுச் சீவி, மூஞ்சிக்குப் பவுடரு பூசி, துவைச்ச வேட்டியக் கட்டி உட்டு, பொறத்தால ஒருத்தன் முதுகத் தாங்கிப் புடிச்சுக்கிட்டு நிப்பான். அப்பன் நல்லாருக்காருங்கொ, காத்தால ரெண்டு இட்டிலி உண்டாருங்கொம்பாங்க. எங்கிட்டயேவா? நான் கெழவன்கிட்ட நேராப் போயி, எங்க எந்திரிச்சு நாலு எட்டு வெய்யுங்க பாக்கலாம்பேன். அதோட சாயம் வெளுத்துரும். சிரிப்பாத்தான் இருக்கும் போங்க.

போனவங்கள்ல நோம்பி முடிஞ்சு திரும்பி வந்தவங்களும் உண்டு. வராதவங்களும் உண்டு. வராதவங்க எப்படியும் போறவங்கதானுங்களே. இங்க போனா என்ன, அங்க போனா என்ன.

என்னடா இவன் ஊரான் பெத்தவங்களையெல்லாம் இப்படிச் சொல்றானேன்னு நெனைக்காதீங்க. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்பாங்க. எனக்கும் வந்துச்சு. எம்பட பையனும் அந்தப் பண்ணைக்குத்தான் போனான். போன வருசம்.

பூபதின்னு பேரு. ஒரே பையன். இன்னுங் கல்யாணங்கூட ஆகல. குடியில்ல, பீடியில்ல. மஞ்சக் காமாலை வந்து முத்திப் போயி ஈரல் கெட்டுருச்சு. ஆசுபத்திரியில கைய விரிச்சு ஊட்டுக்கு அனுப்பிட்டாங்க. சரியா மாசிக் கடைசி. அவன் வந்து படுக்கறான், ஊருல எல்லாக் கண்ணும் எம்மேலதான். ஆரும் வாயத் தொறந்து கேக்கல. கேக்காம இருக்கறதுதானுங்க கேக்கறது. ஊருக்கொரு ஞாயம், ஊட்டுக்கொரு ஞாயம்னு ஆயிரப்படாதில்லீங்களா? மக ஊட்டுல அப்பப் பச்சைக்கொழந்தை, காமாலைய அங்க அனுப்ப முடியல. அவங்கிட்டப் போயி உக்கோந்தேன். நான் சொல்றதுக்கு மிந்தி அவனே சொல்லிட்டான்.

"நோம்பி முடிஞ்சதும் வந்து கூட்டிக்கோங்கப்பா."

அவ்வளவுதான். கூட்டிக்கறேன் சாமின்னு சொன்னேன். வேன்ல நானேதான் தூக்கி வெச்சேன். தோளுக்கு மேல வளந்த பையன், கைக்கொழந்தையாட்ட இருந்தான். எனக்கு வவுறு எரியாம இருந்திருக்குமுங்களா? எரிஞ்சுது. ஆனா ஆத்தாளுக்கு முன்னால சொந்த வவுத்த வெச்சுக்கிட்டு நிக்க முடியுமா, சொல்லுங்க.

அவனுக்கு அவங்கம்மா கூட இருக்கோணும்னு ஆசை. அவளுக்கும்தான். எங்க போயி இருக்க முடியும்? நோம்பிப் பொறுப்புல இருக்கற ஊட்டுல புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் கையில காப்புக் கட்டுவாங்க, மேலுக்குச் சொகமில்லாதவங்களுக்கு மட்டுந்தான் கெடையாது. மஞ்சக் கயிறு. கட்டுனவங்க கம்பம் புடுங்கற வரைக்கும் எல்லையத் தாண்டப்படாது. அவ வேண்டாம்னுதான் சொன்னா. பூசாரிக்கு முன்னால நான் அவ கையப் புடிச்சு நீட்டுனேன். ஊரு பாத்துட்டிருக்குது, அப்பறம் என்ன பண்ணுவா.

வாய்க்கால் கரையில எல்லைக் கல்லு. அங்கிருந்து பாத்தா பண்ணை தெரியும். நெதமும் மத்தியானம் இவ சோறாக்கித் தூக்குப் போசியில எடுத்துட்டுப் போயி அந்தக் கல்லு மேல வெச்சுட்டு நிப்பா. மாரப்பன் அக்கட்டருந்து வந்து எடுத்துட்டுப் போவான். பையன் நல்லாச் சோறு உங்கறானான்னு கேப்பா. உங்கறானுங்க ஆத்தாம்பான். வெய்யல்ல நிக்காதடின்னு நான் சொல்லுவேன். நிப்பா. எதுக்கு நிக்கறான்னு எனக்கு அப்பப் புரியல. அவன் வெளிய வந்து நிப்பான்னு பாத்திருப்பாளாட்ட இருக்குது. அவன் எங்க வெளிய வர்றது.

கம்பத்தச் சுத்தி ஆடற ஆட்டத்துல எங்க ஊருல அவனாட்ட ஒருத்தன் ஆட முடியாதுங்க. பொழுதோட தப்பட்டைச் சத்தம் பண்ணை வரைக்கும் கேக்குமாம். மாரப்பன் சொன்னான், சத்தங் கேட்டா பையன் கட்டல் சட்டத்துல வெரலத் தட்டிக்கிட்டுக் கெடப்பானுங்கன்னு. எனக்கு அதுல ஒரு நிம்மதி. நோம்பியப் பாக்காட்டிப் போகுது, காதுலயாவது உழுந்துச்சே.

மாவிளக்கன்னிக்குக் காத்தால மாரப்பன் போன் பண்ணுனான். முடிஞ்சு போச்சுங்கன்னான்.

என்ன பண்ணுவீங்க நீங்க? சும்மா சொல்லுங்க. ஊட்டுக்குள்ள அவ தலைக்குத் தண்ணி வாத்துட்டு, பூ வெச்சுக்கிட்டு, மாவு இடிச்சுட்டு இருக்கறா. மாவிளக்குல எங்க ஊட்டுத் தட்டுதான் மொதல்ல போகோணும். சொன்னா அவ எல்லையத் தாண்டி ஓடிருவா. காப்போட ஓடுனா நோம்பிக்குக் குத்தம். ஊருக்குள்ள அழுதாலும் குத்தம். நான் அவகிட்டச் சொல்லல. மருமகப்புள்ளைக்குப் போனப் போட்டு விசயத்தச் சொல்லி, அப்படியே ஈரோட்டுக்குக் கொண்டுபோயி முடிச்சுருங்க மாப்பிள்ளைன்னேன். அவருதான் கொள்ளி வெச்சாரு. நான் வெக்க வேண்டியது. இந்தக் கையில காப்பு இருந்துச்சு.

காப்புக் கட்டுனவங்களுக்குத் தீட்டில்லம்பாங்க. அன்னிக்கு அவ தட்டெடுத்துட்டு முன்னால போனா, நான் பின்னால போனேன். நல்ல சிரிச்ச மொகமா போனா. பையனுக்கு வேண்டிக்கிட்டுப் போறா போல. நான் அவ கொண்டைப் பூவப் பாத்துக்கிட்டே போனேன். அந்தப் பாட்ட எவனும் பட்டிருக்க மாட்டானுங்க. அவளுக்குத் தெரியாம இருந்துச்சு, எனக்குத் தெரிஞ்சு இருந்துச்சு. கஷ்டம் அவள உட எனக்குத்தான் எச்சு. அத அவ இன்னி வரைக்கும் யோசிச்சுப் பாக்கல.

நோம்பி முடியற வரைக்கும் அவ சோறு கொண்டுபோறத நிறுத்த முடியலீங்க. நிறுத்துனா கேப்பாளே. மாரப்பன்கிட்டச் சொல்லிட்டேன், நீ வழக்கமாட்ட வந்து எடுத்துக்கப்பான்னு. இவ கேப்பா, பையன் உங்கறானா? உங்கறானுங்க ஆத்தா. ஒரு நாளு கத்திரிக்காக் கொழம்பு, ஒரு நாளு பச்சைப்பயிறு கடைஞ்சது. அவனுக்குப் புடிச்சதாப் பாத்துப் பண்ணுனா. ஒரு நாளு போசிய வெச்சுட்டு, உப்புச் செரியா இருந்துச்சான்னு கேட்டுட்டு வாங்கன்னு எங்கிட்டச் சொன்னா. இருந்துச்சாம்னு வந்து சொன்னேன்.

கம்பத்தப் புடுங்கிக் கெணத்துல உட்டு, மஞ்சத் தண்ணி ஊத்தி, காப்ப அவுத்ததுக்கப்பறம் ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்து உக்கார வெச்சுச் சொன்னேன். ஓலமிடுவா, ஊரக் கூட்டிருவான்னு நெனச்சேன். அழுகவே இல்ல. மஞ்சத் தண்ணி சொட்டச் சொட்ட உக்கோந்திருந்தா. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.

"அப்ப நான் வெச்ச சோத்த ஆரு உண்டது?"

உள்ளதச் சொன்னேன். மாரப்பனையே உங்கச் சொல்லிட்டேன், சோறு வீணாகக் கூடாதில்லன்னேன். சரின்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

அன்னிக்கிருந்து அவ சோறு உங்கறதில்லீங்க. எனக்கு ஆக்கிப் போடுவா. தனக்குன்னா ஒரு டம்ளரு கஞ்சி, இல்லாட்டி டீத்தண்ணி. எத்தனை தடவை சொல்லியும் கேக்கல. புடிவாதக்காரி. வவுத்துல கட்டி அப்பவே இருந்திருக்கும் போல, அதான் சோறு எறங்கல. டாக்டருகூடக் கேட்டாரு, எப்பருந்து சாப்பிடறதில்லன்னு. போன நோம்பிலருந்துங்கன்னேன்.

மொள்ளப் போப்பா டிரைவரே, நோயாளி உக்கோந்திருக்குது முன்னால. இவனுங்களுக்கு மேடு தெரியாது, பள்ளம் தெரியாது. கார் எடுத்துட்டு வந்திருக்கலாம். ஆனா கார் வாசல்ல வந்து நின்னா ஊரு முச்சூடும் வந்து நின்னு வேடிக்கை பாக்கும். பஸ்ஸுன்னா மக ஊட்டுக்கு ஒறம்பரை போறாப்புல போயிரலாம்.

இப்ப இந்த வருசத்துக்கு வாரேன். மாசி பொறந்ததும் எளவட்டப் பசங்க சமுதாயக்கூடத்துல ஒரு கூட்டம் போட்டாங்க. லோகுன்னு ஒருத்தன், எங்க பங்காளி மகன், பூபதிகூட ஒண்ணாப் படிச்சவன், அவன்தான் முன்னால நின்னவன். இனிமேப்பட்டு நோம்பி எப்படி நடக்கோணும்னு பேசி ஒரு முடிவுக்கு வரலாம்னான். நல்ல காரியந்தானேன்னு நானும் போயி உக்கோந்தேன். பாதிப் பசங்க திருப்பூருல பனியன் கம்பெனியில இருக்கறானுங்க, அத்தனை நாளு லீவு குடுக்கறதில்ல, அதனால நோம்பிய ஒரு வாரத்துல முடிச்சுக்கலாம்னான் ஒருத்தன். தப்பட்டைக்கு ஆளு கெடைக்கறதில்ல, ஸ்பீக்கரு வெச்சுக்கலாம்னான் இன்னொருத்தன். மூணு கவை வேப்பமரம் இனி எங்க தேடறது, சிமெண்டுலயே ஒரு கம்பம் செஞ்சு நெரந்தரமா நட்டுரலாம்னு ஒருத்தன். ஏன்டா, அம்மனுக்கு சிமெண்டுப் புருசனாடான்னு கேட்டேன். கூட்டமே சிரிச்சுச்சு. அது வரைக்கும் நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு.

அப்பத்தான் லோகு எந்திரிச்சான். கெடக்கறதெல்லாம் கெடக்கட்டும், கெழவியத் தூக்கி மணையில வைங்கற கதையாட்ட, எல்லாத்தையும் உட்டுட்டு இந்தப் பேச்ச எடுத்தான். இனிமே ஆரையும் எல்லைக்கு வெளிய கொண்டுபோகப்படாது, நோம்பியில சாவு உழுந்தா எடுத்து முடிச்சுட்டு, கோயிலக் கழுவி உட்டுட்டு, மறுநாளு நோம்பியத் தொடரலாம்னான். நெறையா ஊருல அப்படித்தான் பண்றாங்களாம். பொம்பளைங்க பக்கத்துலருந்து ஒரு மொனகல். செரின்னு சொல்றாங்களா இல்லீன்னு சொல்றாங்களான்னு தெரியல. எல்லாரும் எம்பட மூஞ்சியத்தான் பாத்தாங்க.

நான் கோவப்படலீங்க. நானும் இனிமேப்பட்டுக்குத்தான் ஒரு யோசனை வெச்சிருக்கறேன், கேளுங்கன்னேன். ஒரு வருசமா மனசுல வெச்சிருந்தது. அந்தப் பண்ணைய இடிச்சுப் போட்டுட்டு அங்க ஒரு கட்டடம். நாலு ரூம்பு. கீழ டைல்ஸு, மேல காங்கிரீட்டு, வெக்கையே தெரியாது. மேனாட்டுக் கக்கூஸு. கரண்டு போனா இன்வெர்ட்டரு. எடத்த நானே எழுதிக் குடுத்தர்றேன்னேன். வாசல்ல ஆர்ச்சு வெச்சு, பூபதி நினைவு இல்லம்னு பேரு போட்டுரலாம். பையன் பேரும் நிக்கும், நோம்பியும் தடையில்லாம நடக்கும். எப்படி இருக்குதுன்னு கேட்டேன்.

அத்தனை பேரும் தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. தூணு ஓரமா பொம்பளைங்களோட உக்கோந்திருந்த பாவாயி மெதுவா எந்திரிச்சு வெளிய போயிட்டா. வவுத்து வலி வந்திருக்கும். அப்பறம் லோகுதான் பேசுனான்.

"பெரீப்பா, நாங்க இத பெரீம்மாவுக்காகத்தான் கேக்கறோம். அவங்க அவங்க ஊட்டுல இருக்கட்டும்."

எனக்கு மூஞ்சியில அடிச்சாப்புல ஆயிருச்சு. எம்பட பொண்டாட்டிக்காக ஊரு வழக்கத்த ஒடச்சாங்கன்னு நாளைக்கு ஒருத்தன் பேசப்படாது, பேசுனா அது எனக்குச் சாவுன்னு சொல்லிட்டுத் துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டு வந்துட்டேன். கூட்டம் கலஞ்சுருச்சு. அதோட அந்தப் பேச்சு ஓஞ்சுதுன்னுதான் நெனச்சேன்.

முந்தா நாளு வழக்கமாட்ட ஊட்டுக்கு ஊடு சுத்திப் பாத்துட்டு வந்தேன். இந்த வருசம் எச்சா ஆருமில்ல. கடைசியா எங்க ஊட்டுக்குள்ள வாரேன், பாவாயி முன்கட்டு ஆசாரத்துல நாற்காலி போட்டு உக்கோந்திருக்கறா. தலைக்கு எண்ணெ வெச்சு வழிச்சுச் சீவி, மூஞ்சிக்குப் பவுடரு பூசி, நல்ல சீலையா எடுத்துக் கட்டியிருக்கறா. பொறத்தால தாங்கிப் புடிக்க ஆளில்ல. எம்பட துண்ட எடுத்து இடுப்போட சேத்து நாற்காலியில கட்டிக்கிட்டு நிமுந்து உக்கோந்திருக்கறா.

"பாருங்க. நல்லாத்தான் இருக்கறேன்."

அப்படீன்னா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. எங்கிட்டயேவா? ஊரே என்ன ஏமாத்தப் பாத்துத் தோத்துருச்சு, இவ பாக்கறாளேன்னு. அந்தப் பழக்கத்துல எனக்கும் வாயில வந்துருச்சு. எங்க, எந்திரிச்சு நாலு எட்டு வெய்யி பாக்கலாம்னேன். என்னையே பாத்துட்டு இருந்தா. பாத்துட்டுத் துண்டோட முடிச்ச அவுத்தா. அவளால அவுக்க முடியல, நாந்தான் அவுத்து உட்டேன். துணிமணி எடுத்து வெக்கறேன்னுட்டா. புரிஞ்சுக்கறவ, இல்லீன்னு சொல்லல. கஷ்டகாலத்துல இப்படி ஒரு பொம்பளை அமையறது...

இருங்க, போன் அடிக்குது. எனக்குக் காது மந்தம், ஸ்பீக்கருல போட்டுத்தான் பேசுவேன், செத்தப் பொறுத்துக்கோங்க.

ஆரு? லோகுவா, சொல்லு. பஸ்ஸுல இருக்கறேன். பெரீம்மா நல்லாத்தான் இருக்கறா. என்ன? எங்க கூடியிருக்கறீங்க, கோயில்லயா? ஆரக் கேட்டுக் கூடுனீங்க? பூசாரி என்ன சொன்னாரு? ஒத்துக்கிட்டாரா? ஊரு முச்சூடுமா? டேய், நான் இல்லாம எப்படிறா... திரும்பிக் கூட்டிட்டு வாரதா? ஆர?

கேட்டீங்களா தம்பி? நான் ஊருல இல்லாத நேரம் பாத்துக் கூடியிருக்கறாங்க. இனி ஆரையும் எல்லைக்கு வெளிய கொண்டுபோக வேண்டியதில்லையாம். சாவு உழுந்தாலும் நோம்பி நிக்காதாம். பூசாரி இன்னிக்குச் சாட்டும்போது அம்மன் முன்னால அதையும் சேத்துச் சொல்லப் போறாராம். பெரீம்மாவத் திருப்பிக் கூட்டிட்டு வந்துருங்க பெரீப்பாங்கறான். அழுகறான் அந்தப் பையன்.

என்ன பாவாயி? என்ன சொல்ற? சத்தமாச் சொல்லு.

அவளுக்குக் கேட்டிருச்சு போல. இந்தப் பக்கம் திரும்பி என்ன சொல்றா பாத்தீங்களா? "போன வருசமே கூடியிருந்தா ஆகாதான்னு அவங்கிட்டக் கேளுங்க"ங்கறா.

நான் எப்படீங்க அதக் கேப்பேன்? போன வெச்சுட்டேன். அவன் திருப்பியும் அடிக்கறான், அடிச்சுட்டுப் போகட்டும்.

இல்ல தம்பி, எனக்கு ஒண்ணுமில்ல. வேர்க்குது, அவ்வளவுதான். நீங்க என்னமோ நல்ல சேதிதானே வந்திருக்குதுன்னு என்னப் பாக்கறீங்க. ஊருக்கு நல்ல சேதிதான். நாளைக்கு எவனெவனோ அவனவன் ஊட்டுல, அவனவன் கட்டல்ல, பெத்தவ மடியில தலை வெச்சுச் சாவான். அப்பறம் கோயிலக் கழுவி உட்டுட்டு நோம்பி நடக்கும். ஒரு குடம் தண்ணியில தீந்து போகும். ஒரு குடம் தண்ணியில தீர்ற விசயம்னா, எம்பையன் எதுக்குங்க அந்த அட்டைக்கு அடியில கெடந்து செத்தான்? சொல்லுங்க. நான் எதுக்குங்க அவனத் தூக்கி வேன்ல வெச்சேன்? வழக்கம் இருக்குது, அதுக்காகப் போனான்னு இருக்கற வரைக்கும் நான் சோறு உங்கலாம், தூங்கலாம். இதத் தேவையில்லீன்னு சொல்லிட்டா அப்பறம் நான் ஆருங்க?

இது எந்த ஊரு, அவல்பூந்துறையா? இங்க எறங்கி எதுத்தாப்புல நின்னா பஸ்ஸு கெடைக்கும். சாட்டறதுக்குள்ள போயிரலாம். பூசாரி வாயில வர்றதுக்கு மிந்தி நிறுத்திப் போடோணும். ஒருக்கா அம்மன் முன்னால சொல்லிட்டா அது அம்மன் வாக்கு, அப்பறம் ஆரு நெனச்சாலும் மாத்த முடியாது. நான் நேர்ல போயி நின்னா எவனும் பேச மாட்டான். எம்பட மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டானுங்க.

கண்டக்டரே, ஆளு எறங்கோணும்.

பாவாயி, நீ எதுக்கு எந்திரிக்கற? உக்காரு. பைய எதுக்கு எடுக்கற, வெய்யி கீழ. ஊட்டுக்கில்ல. நான் மட்டுந்தான் எறங்கறேன். நீ இல்ல. உக்காருன்னு சொல்றேன்ல, உழுந்துருவ. கோகிலா பஸ் ஸ்டாண்டுல வந்து நிப்பா. நான் நோம்பி முடிஞ்சதும் வந்து கூட்டிக்கறேன்.

தம்பி, நீங்க கடைசி வரைக்கும் போறவங்கதானுங்களே. இவளச் செத்தப் பாத்துக்கோங்க. எங்க மக கண்ணாடி போட்டிருப்பா, பாத்ததும் அவளே ஓடி வந்துருவா. படிக்கட்டு ஒசரம், எறங்கறப்பக் கையப் புடிச்சுக்கோங்க. வழியில தண்ணி கேட்டா, பாட்டல் பையில இருக்குது, மூடிய நீங்களே திருகிக் குடுத்துருங்க. அவளுக்குக் கையில தெம்பில்ல.